அம்சவேணிக்கு ஒரு கட்டில்

அம்சவேணிக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. நகை இல்லை, புடவை இல்லை. மலைக்குக் கீழே ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஐந்து நாள் படுத்துக் கிடக்க வேண்டும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது என்றுதான் ஊரே சாமியிடம் வேண்டிக்கொள்கிறது, இவளுக்கு மட்டும் இப்படி ஒரு ஆசையா என்று கேட்டிருப்பார்கள்.

அவள் பிழைப்பைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். கொல்லிமலையில் பிறந்து, பத்தொன்பது வயதில் பக்கத்து ஊர் ராசுவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். விடியும் முன்னே எழுந்தால் ஊற்றுத் தண்ணீர், அடுப்பு, மாடு, பிள்ளைகள். அதற்குப் பிறகு காடு. ஒரு மாதம் மிளகு பறிப்பு, ஒரு மாதம் மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவது, மழை வந்தால் ராகிக்குக் களை, வெயில் வந்தால் பலாப்பழம் சுமப்பது. மலையில் நேரான நிலம் ஏது? எங்கே போனாலும் ஏறணும், இல்லாவிட்டால் இறங்கணும். இரவில் படுத்தாலும் கால் மட்டும் ஏறிக்கொண்டே இருப்பது போல அவளுக்குத் தோன்றும். ராசு கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். தண்ணீர்க் குடத்தை மட்டும் தொட மாட்டான். யாரும் தொடச் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை.

முதல் பிள்ளைக்கு இரண்டு நாள் வலித்தது. இரண்டாவதுக்கு ஒரு முழுநாள். இரண்டும் கீழே ஆஸ்பத்திரியில். அந்த வலியெல்லாம் அவளுக்கு எப்போதோ மறந்துபோயிற்று. மறக்காதது வலிக்குப் பிறகு வந்த நாட்கள்தான். இரும்புக் கட்டில், தலைக்கு மேலே கடகடவென்று சுற்றும் காத்தாடி, யாரோ கொண்டுவந்து வைக்கும் பாலும் ரொட்டியும். அவள் எழுந்து டம்ளரைக் கழுவப் போனபோது ஒரு ஆயா அதட்டினாள். "நீ எந்திரிக்காதம்மா, படு." அம்சவேணி திகைத்துப்போனாள். பிறந்ததிலிருந்து அவளை எல்லாரும் எழுந்திரு என்றுதான் சொல்லியிருந்தார்கள். படு என்று சொன்ன முதல் ஆள் அந்த ஆயாதான். முகம் மறந்துவிட்டது, அந்த அதட்டல் மறக்கவில்லை.

ஆகவே மூன்றாவது தங்கியபோது, "இன்னொண்ணா" என்று ஊர் உதட்டைப் பிதுக்கியது. அம்சவேணி மட்டும் மனசுக்குள் கட்டிலை நினைத்துக்கொண்டாள்.

கிராம நர்ஸ் சுமதி கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "உனக்கு ரத்தம் ரொம்பக் கம்மி அம்சவேணி. வலி வர்ற வரைக்கும் ஊட்டுல இருக்காத. பத்து நாள் முன்னாடியே கீழ போயி இருந்துக்கோ. மலையிலிருந்து வர்ற பொம்பளைங்களுக்குன்னே அங்க ரூம் இருக்குது."

"அங்கயும் கட்டிலுங்களா?" என்று கேட்டாள் அம்சவேணி.

"கட்டில்தான். பொறவு பிரசவமானா இன்னொரு அஞ்சு நாள்."

பத்தும் ஐந்தும் பதினைந்து. அன்று மாலை காட்டிலிருந்து வீடு வரும் வரைக்கும் அந்தக் கணக்கையே சொல்லிக்கொண்டு வந்தாள். மறுநாளே ஒரு கட்டைப்பையில் இரண்டு நைட்டி, சீப்பு, பழைய வேட்டித் துணி எல்லாம் மடித்து வைத்துச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டாள்.

பை மாட்டியபடியே இருந்தது. பெரியவளுக்குக் காய்ச்சல் வந்தது, அது தீரட்டும் என்றார்கள். மாமியார் இருசாயிக்கு முழங்கால் வீங்கியது, அது வடியட்டும் என்றார்கள். பிறகு பலா பழுத்துவிட்டது. பழம் பழுத்தால் மலையில் யாருக்கும் வேறு நினைப்பு கிடையாது. சனிக்கிழமை பேளுக்குறிச்சிச் சந்தை. அதற்கு முந்தின நாள் லாரி வரும். அதற்குள் பழத்தை எல்லாம் இறக்கி ரோட்டுக்குச் சுமக்க வேண்டும். "சந்தை முடியட்டும் கண்ணு, ஞாயித்துக்கிழமை உன்னக் கொண்டுபோயி உட்டுட்டு வாரேன்" என்றான் ராசு. நாள் கணக்குப்படி இன்னும் இரண்டு வாரம் இருந்ததால் அவளும் தலையாட்டினாள். அவளுக்கு வேறு எதற்குத் தலையாட்டத் தெரியும்?

வியாழக்கிழமை காலை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, ராசு வீட்டுக்கு மேலே இருந்த பெரிய பலாவில் ஏறிப் பழங்களைக் கயிற்றில் கட்டி இறக்கிக்கொண்டிருந்தான். ஒன்று கயிறு நழுவி விழுந்து பிளந்துபோயிற்று. பிளந்த பழத்தை லாரிக்காரன் தொட மாட்டான். இருசாயி கையில் விளக்கெண்ணெயை முழங்கை வரைக்கும் தடவிக்கொண்டு, பால் ஒட்டாமல் அதைப் பிரித்துச் சுளை எடுத்துப் போட்டாள். அம்சவேணி கீழே விழுந்த இலையெல்லாம் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்து ஐந்தாறு சுளை தின்றாள். பசி. காலையில் எல்லாருக்கும் போட்டது போக அவளுக்கு மிஞ்சியது அரைக் கரண்டிக் களிதான்.

கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிசைந்தது. மறுபடி பிசைந்தது.

"அத்தை, வயித்த என்னமோ பண்ணுதுங்க."

இருசாயி நிமிரக்கூட இல்லை. "பண்ணாம என்ன பண்ணும்? நெறமாசக்காரி வெறும் வயித்துல பலாப்பழத்த இப்படியா திம்ப? போயி மொளகத் தட்டிப் போட்டுக் கொதிக்க வெச்சுக் குடி."

மலையில் பலாப்பழக் காலத்தில் எல்லார் வயிறும் ஒரு தடவையாவது வலிக்கும். எல்லாரும் மிளகு கஷாயம் குடிப்பார்கள். வலி போய்விடும். ஆகவே அம்சவேணி அடுப்பு மூட்டி, மிளகு தட்டி, கஷாயம் வைத்துக் குடித்தாள். காரம் நெஞ்சு வரை இறங்கியது. வலி இடுப்புக்கு வந்தது. இடுப்புவலி அவளுக்குப் புதிதா என்ன, கல்யாணமான நாளிலிருந்து கூடவே இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பல்லைக் கடித்தாள்.

"வலியா இருக்குமோ" என்று இருசாயி வாசலிலிருந்து ஒரு பேச்சுக்குக் கேட்டாள்.

"எனக்கு வலின்னா ரெண்டு நாளு ஆகுமுங்க அத்தை. இது பழம்தான்."

அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினாள். இன்னும் சொன்னால், அப்படி நம்ப ஆசைப்பட்டாள். இது வலி என்றால் பத்து நாள் போச்சு. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கும்போது இது எப்படி வலியாக இருக்க முடியும்? ஆணியில் மாட்டியிருந்த பையைப் பார்த்துக்கொண்டே, பழம்தான், பழம்தான் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். அப்போது பனிக்குடம் உடைந்து காலோடு வழிந்தது.

"அத்தை," என்றாள் மெதுவாக. "இது பழமில்லீங்க."

இருசாயி முழங்கால் வலியை எங்கே விட்டாளோ, ஒரே எட்டில் உள்ளே வந்தாள். வந்து பார்த்தாள். தலை தெரிந்துவிட்டது. பழைய புடவையை விரித்து மருமகளை உட்கார வைப்பதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. வெளியே ஓடிப்போய்க் கை கழுவக்கூட நேரமில்லை. "ராசு, போன் பண்ணு" என்று வாசல் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

ராசு மரத்து உச்சியில் இருந்தான். அதுவும் நல்லதுக்குத்தான். அந்த வீட்டில் போன் எடுக்காது, முற்றத்தில் எடுக்காது, அந்த மரத்து உச்சியில் மட்டும் எடுக்கும். அங்கிருந்தபடியே நூற்றியெட்டைக் கூப்பிட்டான், பிறகு சுமதியைக் கூப்பிட்டான். இறங்கினால் பேச்சு அறுந்துபோகும் என்று கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சுமதி சொன்னதையெல்லாம் கீழே பார்த்து உரக்கச் சொன்னான்.

"கொடிய அறுக்க வேண்டாமாம். அருவா கிருவா எடுக்கக் கூடாதாம். கொழந்தையத் தொடச்சு அம்மா நெஞ்சு மேல போட்டுத் துணி போத்தச் சொல்றாங்க."

எதிர்ச் சரிவில் கிழங்குக் காட்டில் நின்றவர்களுக்கெல்லாம் அது கேட்டது. அம்சவேணிக்கு அந்த வலியிலும் கூச்சமாக இருந்தது. இந்த மனுசனுக்கு வேறு இடம் கிடைக்கவில்லையா என்று நினைத்தாள். நினைத்து முடிக்கவில்லை, பிள்ளை வழுக்கிக்கொண்டு இருசாயியின் விளக்கெண்ணெய்க் கையில் வந்து விழுந்தது. ஒரு கணம் சத்தமில்லை. இருசாயி அதைக் கவிழ்த்து முதுகைத் தடவினாள். பிறகு வீறிட்டு அழுதது. பெண்.

"ஆடு குட்டி போடற மாதிரி போட்டுட்டியே சாமி," என்று இருசாயி சிரித்தாள், அழுதாள். "நான் அஞ்சு பெத்தேன், ஒண்ணுகூட இப்படி இல்லை. மவராசி."

அம்சவேணி பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். கண்ணோரமாகத் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று இருசாயி நினைத்தாள். பிள்ளை மேல் அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. அந்தச் சின்ன மூச்சு நெஞ்சில் சூடாகப் பட்டபோது உடம்பெல்லாம் இளகத்தான் செய்தது. ஆனால் அழுதது கட்டிலுக்காக. எல்லாம் முடிந்துவிட்டது. இனி யாரும் எங்கேயும் அனுப்ப மாட்டார்கள். நாளை மறுநாள் அடுப்பு, அடுத்த வாரம் குடம். இத்தனை சுலபமாகப் பெற்றவளுக்கு ஓய்வு எதற்கு?

ஆம்புலன்ஸ் வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று. வழியில் சுமதியும் ஏறிக்கொண்டு வந்தாள். தொப்புள்கொடியைக் கட்டி அறுத்து, நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருந்து, ரத்தம் நனைந்த துணியைப் பார்த்தாள், இமையை இழுத்துப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"கொழந்தை நல்லா இருக்குது. இவளைத்தான் கீழ கொண்டுபோகணும். ஏற்கெனவே ரத்தம் கம்மி, இப்ப இன்னும் போயிருக்குது."

"சுகமா ஆயிருச்சே நர்ஸம்மா," என்றாள் இருசாயி. "பச்ச உடம்புக்காரிய அத்தனை வளைவுலயும் குலுக்கிக்கிட்டுப் போகோணுமா? நானெல்லாம் பெத்த மூணாம் நாளு களைவெட்டப் போனவ." அவள் குரலில் கொடுமை எதுவும் இல்லை. அவளுக்குத் தெரிந்தது அதுதான்.

ராசு தலையைச் சொறிந்தான். "நாளைக்கு லாரி வருதுங்க. அம்மாவுக்கும் கால் முடியல. ரெண்டு புள்ளைங்களுக்கு ஆரு சோறாக்குவா? ரெண்டு நாளு பாத்துட்டு..."

சுமதிக்குக் கோபம் வந்தது. அவர்களிடம் பேசி என்ன பயன் என்று தரையில் கிடந்தவளிடம் திரும்பினாள். "நீ சொல்லு அம்சவேணி. நீ என்ன சொல்றே?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"ஏனுங்க," என்றாள். "ஊட்டுலயே பெத்துட்டாலும் அஞ்சு நாளு படுக்க உடுவாங்களா?"

சுமதி கையை அவள் நெற்றியில் வைத்தாள். "உடுவாங்க. ரத்தம் ஏத்தணும், அஞ்சு நாளுக்கு மேலயே ஆகும்."

"அப்ப நான் போறேன்."

ராசுவும் ஆம்புலன்ஸ்காரரும் ஸ்ட்ரெச்சரில் அவளைத் தூக்கினார்கள். வாசலைத் தாண்டும்போது இருசாயி குறுக்கே வந்து நின்றாள்.

"போறேன்னு சொல்லாத கண்ணு. பச்சப் புள்ளையோட போறவ. போயிட்டு வாரேன்னு சொல்லு."

ஊற்றுக்குப் போனாலும், சந்தைக்குப் போனாலும், பக்கத்து வீட்டுக்கு நெருப்புக்குப் போனாலும் அந்த ஊரில் யாரும் போறேன் என்று சொல்வதில்லை. போறேன் என்பது திரும்பாதவர்களின் வார்த்தை. அம்சவேணியும் வாழ்க்கைப்பட்டு வந்த இந்தப் பதினோரு வருஷத்தில் இன்றைக்கு முன் ஒருநாள்கூடச் சொன்னதில்லை. வாயைத் திறந்தாள். வாரேன் என்று சொல்லத்தான் நினைத்தாள். வருவதென்றால் எங்கே வருவது? அந்த அடுப்புக்கு, அந்தக் குடத்துக்கு, அந்த ஏற்றத்துக்கு. வருவாள்தான், வராமல் எங்கே போவாள்? ஆனால் அதை இப்போதே வாயால் ஒத்துக்கொள்ள அவளிடம் தெம்பு இல்லை.

"போறேனுங்க அத்தை," என்றாள் மறுபடியும். கண்ணை மூடிக்கொண்டாள்.

ராசு அம்மாவைப் பார்த்தான். இருசாயி எண்ணெயும் காய்ந்த ரத்தமும் படிந்த கையைப் புடவையில் துடைக்கப் போனவள், துடைக்காமல் அப்படியே நின்றாள். ஐந்து பெற்ற அவளை ஒரு நாளும் யாரும் படு என்று சொன்னதில்லை. இப்போதுதான் அது ஞாபகம் வந்தது போல, உள்ளே போய் ஆணியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ராசு, நீயும் ஏறு. லாரிக்காரனுக்கு நான் சொல்லிக்கறேன். பழுத்தது அழுகுனா அழுகட்டும். புள்ளைங்கள நான் பாத்துக்கறேன்."

"உனக்குக் கால்..."

"ஏறுடா."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு ரோடு வரைக்கும் இறங்கி வந்தாள். பையை மருமகளின் காலடியில் வைத்தாள். அவள் கை பட்ட இடமெல்லாம் பையில் எண்ணெய்க் கறையாயிற்று. கதவைச் சாத்தும் முன் குனிந்து, ரகசியம் சொல்வது போலச் சொன்னாள்.

"மெதுவா வா கண்ணு. அவசரமில்ல. மெதுவா வா."

வண்டி கிளம்பியது. முதல் வளைவு திரும்புமுன் பயமாக இருக்கிறதா என்று சுமதி அம்சவேணியிடம் கேட்டாள். பதில் வரவில்லை. சுமதி பதறிப்போய் நாடி பிடித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை, தூங்கிக்கொண்டிருந்தாள்.