பிரித்து மாட்டக்கூடிய பெட்டி

எங்கள் அண்ணி துணி தைக்கிறவள் இல்லை, பிரிக்கிறவள். சட்டை தொளதொளவென்று இருந்தால் அவளிடம் கொடுத்தால் போதும். தையலைப் பிரித்து, பிடித்து, அளவாக்கித் தந்துவிடுவாள். முப்பது வருஷமாக இதே வேலை. அப்படிப்பட்டவள் போன மாதம் என்னை எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

காரணம் என் அண்ணன். வீட்டு முன்னறையில் மேஜை போட்டு உட்கார்ந்து பைகளுக்கு ஜிப் மாற்றித் தருகிறவன். காது மந்தமாகிவிட்டது. ஒப்புக்கொள்வானா? "நீங்கதான் முணுமுணுன்னு பேசுறீங்க" என்பான். வருகிறவர்கள் பெல்லை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். "வேலையை விட்டுட்டு சும்மா இருங்கப்பா" என்று பிள்ளைகள் ஆரம்பித்துவிட்டார்கள். அந்த மேஜை போனால் அண்ணன் உடைந்துபோவான்.

"பெல்லை அழுத்தும்போது மேஜை மேல ஒரு லைட்டு மினுக்குனா போதும். நானே செய்யப்போறேன்" என்றாள் அண்ணி.

"ரெடிமேடா கிடைக்குமே அண்ணி?"

"கிடைக்கும். அட்டையில 'காது கேளாதவங்களுக்கு'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும். அதை உங்கண்ணன் தொடுவாரா?"

கடைக்காரர் வயர், பல்பு எல்லாம் போட்டு நாமே செய்து பார்க்கிற மாதிரி மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். பெரிய பெட்டியைத் தட்டி, "முப்பத்தேழு சென்சார் இருக்கும்மா. மழை, புகை, மண்ணு ஈரம், எல்லாம் கண்டுபிடிக்கும்" என்றார்.

"வாசல்ல ஆள் நிக்கிறதைக் கண்டுபிடிச்சா போதும் தம்பி. தப்பா மாட்டினா பிரிச்சு மாட்டலாமா?"

இரண்டாவது பெட்டியில் எல்லாவற்றையும் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டுமாம். தள்ளிவிட்டாள். மூன்றாவதில் ஓட்டை ஓட்டையாக ஒரு பலகை. வயரைச் செருகலாம், பிடுங்கலாம். அண்ணியின் முகம் மலர்ந்துவிட்டது. அதன் புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து புரட்டினாள். "வேலை செய்யாவிட்டால்" என்று நான்கு பக்கம் இருந்தது.

"இதையே குடுங்க. தப்பு வரும்னு தெரிஞ்ச ஆளு எழுதியிருக்காரு."

தப்பு வந்தது. பொத்தானிலிருந்து பல்புக்கு ஒரே ஒரு வயரை இழுத்துவிட்டு, எரியவில்லையே என்று பாதி நாள் முறைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்துபோய்த் தையல் மெஷினின் அடியைத் திறந்து பார்த்தாள்.

"அட, மேல்நூல் மட்டும் இருந்தா தையல் விழுமா? அடிநூலும் வேணும்ல! போன கரண்டு திரும்பி வரணும்!"

இன்னொரு வயரைச் செருகினாள். பல்பு எரிந்தது. எனக்கே கை தட்டத் தோன்றியது. அப்புறம் புத்தகத்தைப் பார்த்து, மகளுடைய பழைய லேப்டாப்பில் ஒற்றை விரலால் தட்டி, ஒரு அழுத்தலுக்கு ஐந்து மினுக்கு என்று பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தாள். பழைய பெல்லைக் கழற்றிவிட்டு வாசலில் புதுப் பொத்தானையும் அண்ணன் மேஜை மேல் பல்பையும் வைத்தாள். அண்ணனிடம் "புது பெல்லு" என்று மட்டும் சொன்னாள்.

நான் வெளியே நின்று அழுத்தினேன். உடனே கதவு திறந்தது.

"ஏன் இப்படி அலற விடுறே? சத்தம் காதைத் துளைக்குது!" என்றான் அண்ணன்.

அங்கே ஏது சத்தம்? வெறும் வெளிச்சம்தான். மனதில் பட்டதைப் போட்டு உடைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வாயைத் திறந்தேன். அவன் முதுகுக்குப் பின்னால் அண்ணி வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அவன் போய் மேஜையில் உட்கார்ந்ததும் பெட்டியைத் துழாவி, சட்டைப் பொத்தான் அளவில் கறுப்பாக ஒன்றை எடுத்தாள். கீச்சென்று கத்துகிற சாமான்.

"அவருக்குத்தான் கேட்காதே, இது எதுக்கு?" என்று கிசுகிசுத்தேன்.

"வர்றவங்க பெல்லு சத்தமே காணோமேன்னு கேட்டா, அவரு முகம் என்னத்துக்கு ஆகும்?"

மறுநாள் அழுத்தினேன். தெருவுக்கே கேட்டது. அண்ணன் கதவைத் திறந்தான்.

"நேத்து மாதிரியேதான் கத்துது" என்றான்.

"ஆமாண்ணா, அதே சத்தம்தான்" என்றேன்.