நேவி புளூவோட கடைசி வரி

நான் பேய் பிசாசுன்னு நம்பறவனில்லீங்க. மொதல்லயே சொல்லிப்போடறேன், அப்புறமேட்டுக்குக் கெழவன் கதை உடறான்னு சிரிக்கப்படாது. எங்கூரு கொமரலிங்கத்துல ஆத்தோரப் புளியமரத்துல முனி இருக்குதுன்னு ஊரே பயந்து கெடந்துச்சு, அந்த மரத்தடியிலதான் மூணு வருசம் நெல்லுக்குக் காவக் கெடந்தேன், கொசுவத் தவிர என்னைய ஒண்ணும் கடிக்கல. என்ற ஊட்டுக்காரி வேண்டுதலுன்னு கோயிலுக்குப் போய் அம்மனுக்கு மொளகா அரைச்சுப் பூசுவா, நான் வெளிய நின்னு பீடி இழுத்துட்டிருப்பேன். அப்படிப்பட்டவன் சொல்றனுங்க. நம்பாட்டிப் போங்க, எனக்கென்ன.

திருப்பூருல சாயப்பட்டறையில நான் கலர் மாஸ்டருங்க. பள்ளிக்கூட வாசப்படி மிதிச்சதில்ல, சம்பளத்துக்கும் கைநாட்டுத்தான். ஆனா எந்த நெறத்துக்கு எந்தப் பொடி எத்தனை கிராமுன்னு மண்டையில அப்படியே நிக்கும். நின்னுச்சுங்க, இப்ப நிக்கறதில்ல. கண்ணுலயும் பொறை உழுந்துபோச்சு. அதுக்குத்தான் லேப்புல முருகேசன்னு ஒருத்தன், நாப்பது தாண்டின ஆளு, நான் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டருல அடிச்சு வெச்சான். பதினோரு வருசம், அறுநூறு நெறத்துக்கு மேல இருக்கும். டீ வாங்கிட்டு வந்தா எனக்குச் சக்கரை தூக்கலா வாங்கிட்டு வருவான், நல்ல மனுசன்.

ஆனா ஒண்ணுங்க. எங்க தொழில்ல மாஸ்டரு எவனும் கடைசி வரியச் சொல்ல மாட்டான். எல்லாப் பொடியும் சொல்லுவான், கடைசியா நெறத்தைத் திருப்பறதுக்கு ஒண்ணு போடுவான் பாருங்க, அதை மட்டும் யாரும் பாக்காம கையிலயே அள்ளிப் போடுவான். அதையும் சொல்லிப்போட்டா மொதலாளிக்கு அப்புறம் நாம எதுக்குங்க? முருகேசன் கேட்டுக் கேட்டுப் பாத்தான். "மாஸ்டர், நேவி புளூவுக்கு மட்டுமாச்சும் சொல்லுங்க, கடைசி வரி காலியாக் கெடக்குது"ம்பான். "நான் சாகறப்ப சொல்றேன் போடா"ன்னேன். அவன் முந்திக்கிட்டான். தை மாசம் நெஞ்சு வலிக்குதுன்னு படுத்தவன் எந்திரிக்கல.

ஆடியில நெறமெல்லாம் ஏத்தி வெச்ச அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி ரொம்பிப் போச்சுங்க, மத்த கம்ப்யூட்டரெல்லாம் அதுலதான் சேந்திருக்குது. புதுசா ஒண்ணும் ஏற மாட்டேங்குது. இன்னொரு காப்பி எடுத்து வெப்பாங்களாமா, எடமில்லாம அதும் மூணு மாசமா நின்னு, பழைய காப்பியும் அழிஞ்சு போயிருக்குது, எவனும் பாக்கல. திங்கக்கெழம காத்தால நேவி புளூ ஓட்டோணும், துணியெல்லாம் தயாரு. ஞாயித்துக்கெழம பட்டறை லீவுன்னு, கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ற உடுமலைப்பேட்டைப் புள்ள சுமதி, புது டிஸ்க்கோட வந்துச்சு. நல்ல மத்தியான வெயிலு. பட்டறைக்குள்ள நானும் அந்தப் புள்ளையுந்தான்.

டிஸ்க்க மாட்டிப்போட்டு மொகத்தைச் சுளிச்சுது. "என்ன அம்மிணி?"ன்னேன்.

"புது டிஸ்க்கப் பழசோட சேத்தாச்சுங்க மாஸ்டர். ஆனா உள்ள போய்ப் பாத்தா பழைய அளவையே காட்டுதுங்க."

"பக்கத்துக் காட்ட வாங்கிப் பத்திரம் முடிச்சாச்சு, வேலியத் தள்ளிப் போடல. அதான?"

"அட, உங்களுக்கு யாருங்க சொல்லிக் குடுத்தது? அதேதான். வேலியத் தள்ளோணும்னா உள்ள இருக்கற ஆளுகெல்லாம் மொதல்ல வெளிய வரோணுங்க."

வரலீங்க. யாரோ உள்ள பொழங்கிட்டு இருக்காங்கன்னே எழுத்து வருதாம். யாருன்னு பாத்துச்சு. "மாஸ்டர், முருகேசன் யாருங்க? நேவி புளூவைத் தெறந்து வெச்சிருக்காரு. வெளிய வரச் சொல்லுங்க."

"அவங்கிட்டச் சொல்லோணும்னா நான் சுடுகாட்டுக்குத்தான் போகோணும் அம்மிணி."

சிரிச்சுது. பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், எவனோ அவரு பேருல தெறந்தபடி உட்டுட்டுப் போயிருப்பான்னுச்சு. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆபீசு, லேப்பு, எல்லாக் கம்ப்யூட்டரையும் அமத்துனோம். பெட்டியோட சேத்தற வயரைப் புடுங்கியாச்சு. பெட்டிய அமத்தி மறுக்காப் போட்டுப் பாத்துச்சு. அப்பவும் முருகேசன். தானா ஓடற மாதிரி ஏதாச்சும் வெச்சிருக்கானான்னு ஒரு மணி நேரம் தொளாவுச்சு, ஒண்ணுமில்ல. இப்ப அதும் சிரிக்கல.

"புடிச்சு வெளிய தள்ளோணுங்க மாஸ்டர். அவரு எழுதிட்டிருக்கறப்பத் தள்ளுனா மொத்தமும் கெட்டாலும் கெட்டுப் போகும். என்ன பண்ணட்டுங்க?"

கெட்டுப்போச்சுன்னா என்ற மண்டையில கடைசி வரிக மட்டும் நிக்குமுங்க. மாடு போயிரும், வாலு கையில நிக்கும். இந்தக் கண்ண வெச்சுட்டு அறுநூறு நெறத்தை மறுக்காப் புடிக்க முடியுமா? நாளைக்கே ஊட்டுக்குப் போன்னுருவாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். பயமில்லீங்க, கோவம். பெட்டி முன்னால போய் நின்னேன்.

"டேய் முருகேசா! செத்தும் என்ற சோத்துல மண்ணப் போடறியாடா? உனக்கு அந்த ஒரு வரிதான வேணும்? இந்தா, நூறு கிலோவுக்குச் சிவப்பு நாப்பது கிராம். அடிச்சுப்போட்டு எந்திரிச்சுப் போ!"

சுமதி சேரைத் தள்ளிப்போட்டு எந்திரிச்சு நின்னுச்சு. "மாஸ்டர், தண்ணி குடிங்க மொதல்ல"ன்னுச்சு. அப்புறம் திரும்பிப் பாத்துட்டுச் சொல்லுது, "போயிட்டாருங்க."

நாப்பதுன்னது பொய்யிங்க. செத்தவனுக்குக்கூட நான் நெசத்தைச் சொல்லல. நான் அப்படித்தான்.

அப்புறம் எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு. வேலியத் தள்ளுச்சு, எடம் பெருசாச்சு, ஒரு நெறம் கொறையல. கடைசியா நேவி புளூவைத் தெறந்து படிச்சுது. "மாஸ்டர், நீங்க நாப்பதுன்னுதான சொன்னீங்க? இதுல சிவப்பு இருபத்தெட்டுன்னு இருக்குதுங்க."

"மிசினு தப்பா எழுதிருக்கும் அம்மிணி. அழிச்சுப்போடு"ன்னேன். அழிச்சுப்போட்டுது.

இருபத்தெட்டுத்தானுங்க சரி.

இப்ப நீங்க என்ன சொல்லுவீங்கன்னு தெரியும். முருகேசன் உசுரோட இருக்கறப்பவே எட்டிப் பாத்து எங்கயோ எழுதி வெச்சிருப்பான்னு. பாத்திருக்கலாம், கெட்டிக்காரன். ஆனா அவன் இருந்த வரைக்கும் அது முப்பத்தஞ்சுங்க. சித்திரையில வேற சிவப்புப் பொடி வந்துச்சு, அது கொஞ்சம் எச்சா ஏறும், அப்பத்தான் இருபத்தெட்டாக் கொறச்சேன். ஊட்டுல கதவச் சாத்திட்டுத் தனியாத் தராசுல போட்டுப் பாத்தது, ஊட்டுக்காரிக்கே தெரியாது. அவன் போனது தை மாசமுங்க.

பூசாரியக் கூட்டிட்டு வரலாம்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. எதுக்குங்க? இப்பவும் லேப்புல புதுசா வந்தவன் கேட்டா நாப்பதுன்னுதான் சொல்றேன். சிவப்புப் பொடிய அள்ளறப்ப மட்டும் ஒரு தடவ பின்னால திரும்பிப் பாத்துக்குவேன், யாரும் இருக்க மாட்டாங்க, இருந்தாலும் கைய மறைச்சுட்டுத்தான் போடறேன்.