சிவப்புச் சீட்டு ஒட்டிய உப்பு வண்டி

எங்கள் கம்பெனிக்குப் பாரம்பரியம் வேண்டும் என்று பிளான்ட் ஹெட்டுக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் தோன்றியது. ரயில் பெட்டிகளுக்கு பிரேக் பாகங்கள் வார்க்கிற கம்பெனி. ஓசூர் தொழிற்பேட்டையில் அது நிற்கிற இடத்தில் முன்பு கேழ்வரகு விளைந்தது. பாரம்பரியம் என்று காட்ட வேண்டுமானால் கேழ்வரகைத்தான் காட்டலாம். ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வரப்போகிறார்கள், அவர்கள் ஊர்த் தொழிற்சாலைகளில் வாசலிலேயே ஒரு பழைய எஞ்சின் நிற்கிறதாம், நம் வாசலில் செக்யூரிட்டி மட்டும்தான் நிற்கிறார் என்று மனிதர் வருத்தப்பட்டார்.

உள்ளூரில் தேடிப் பயனில்லை. இந்த மாவட்டத்தின் ரயில் பெருமையை ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடலாம். மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு ரயிலே கிடையாது. ஒரு காலத்தில் சின்னப் பாதை ஒன்று இருந்ததாம், பிடுங்கிவிட்டார்களாம். அதற்கப்புறம் தேர்தலுக்குத் தேர்தல் மேடைக்கு மட்டும் ரயில் வந்து போகிறது.

ஆகவே கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குவாலிட்டி செக்‌ஷனில் தூத்துக்குடிக்காரன் நான் ஒருவன்தான். துறைமுகம், உப்பளம், பஞ்சாலை, கரி எஞ்சின் எல்லாம் எங்கள் வீட்டுக் கொல்லையில் குவிந்து கிடப்பதாக அவர்களுக்கு நினைப்பு. நானும் இல்லையென்று சொல்லவில்லை. கடலோரத்தில் பிறந்தவனுக்கு இந்த மாதிரி சமயத்தில் கொஞ்சம் நெஞ்சு நிமிரத்தான் செய்யும். "எங்கப்பாவைக் கேட்டுச் சொல்றேன் சார்" என்று எழுந்து வந்தேன்.

அப்பாவுக்குப் பழைய துறைமுகத்தில் வேலை. உப்பும் கரியும் சுமந்து குட்டித் தண்டவாளத்தில் ஓடிய சின்ன வேகன்களை ஒன்றோடொன்று கொக்கி போட்டு இணைப்பார். பிறகு தண்டவாளத்தை எடுத்துவிட்டு லாரி விட்டார்கள். அப்பா லாரிக்குச் சீட்டு கிழிக்கும் வேலைக்குப் போனார். அதை அவர் வேலை என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. எங்கள் ஊர் ஆண்களுக்குத் துறைமுகம் தங்கள் அப்பன் வீட்டுச் சொத்து என்ற எண்ணம் உண்டு. அவருக்கு அது ஒரு படி கூடுதல்.

போனில் விஷயத்தைச் சொன்னதும் இரண்டே நாளில் ஒரு வண்டியைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு பழைய உப்புக் குடோனுக்குப் பின்னால் ஒடமர முள்ளுக்குள் கிடந்ததாம். நாலு சக்கரம், மேலே கவிழ்த்துக் கொட்டுகிற இரும்புத் தொட்டி, இரண்டு பக்கமும் கொக்கி. "நான் கோத்த வண்டிதாம்ல. எனக்குத் தெரியாதா?" என்றார். எல்லா வண்டியும் ஒரே அச்சில் செய்தவை, எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் போனை வைத்துவிடுவார்.

போனை வைப்பது அவருக்குப் பிடித்த காரியம். என் மனைவி உத்தனப்பள்ளிப் பக்கம் தெலுங்கு பேசும் வீட்டுப் பெண். நாங்களாகப் பார்த்துச் செய்துகொண்ட கல்யாணம். அப்பா அதற்கு வரவில்லை. அதற்கப்புறமும் ஓசூர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வாரத்துக்கு ஒருதரம் என்னோடு போனில் பேசுவார். அவள் எடுத்துவிட்டால் "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிடுவார். பெற்ற மகன் நம்பருக்குப் போன் போட்டுவிட்டு ராங் நம்பர் என்று சொல்ல ஒரு தனி நெஞ்சழுத்தம் வேண்டும்.

அப்படிப்பட்டவர், வண்டி லாரியில் ஏறிய அன்று சொன்னார்: "அங்க கொண்டு நிறுத்துனதும் சொல்லு. ஒரு எட்டு வந்து பாக்கேன்."

"ஓசூருக்கா?"

"வண்டி அங்கதான நிக்கப்போவுது?"

மனைவியிடம் சொன்னேன். உடனே கடைக்குப் போய்ப் புதுத் தலையணையும் உறையும் வாங்கி வந்தாள். வண்டி ஒரு சாக்கு என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் அவரிடம் அந்தச் சாக்கு பழுதில்லாமல் இருக்க வேண்டும். வந்து பார்க்கிறபோது வண்டி இல்லையென்றால், "ஏமாத்தித்தானல கூப்ட்ட" என்று அடுத்த ரயிலைப் பிடிப்பார். அதற்குமேல் அவரை வரவழைக்க எங்களிடம் வேறு எதுவும் கிடையாது. எனக்கு அப்பா வேண்டும். அவளுக்கு, தன்னை வீட்டு மனுஷியாக ஒருவர் பார்க்க வேண்டும். ஒரு துருப்பிடித்த தொட்டியின்மேல் இவ்வளவும் ஏறி உட்கார்ந்திருந்தது.

தூத்துக்குடியிலிருந்து மைசூர் போகிற ரயில் ஓசூரில் நிற்கும். சனிக்கிழமை காலையில் அப்பாவை இறக்கி வீட்டில் விட்டுவிட்டு, அவருக்கு கேட் பாஸ் வாங்குவதற்காக நான் முன்னால் கம்பெனிக்குப் போனேன். லாரியிலிருந்து இறக்கி வைத்திருந்த வண்டியைக் காணோம். ஸ்டோர் பக்கத்தில் அது நின்ற இடத்தைச் சுத்தமாகக் கூட்டி, சுற்றிலும் மஞ்சள் பெயின்ட் கோடு போட்டிருந்தார்கள்.

இங்கே ஃபைவ் எஸ் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜப்பான்காரர்களிடம் கற்றுக்கொண்ட ஒழுங்கு அது. ஓசூரில் சாமி கும்பிடாத கம்பெனி இருக்கலாம், ஃபைவ் எஸ் கும்பிடாத கம்பெனி கிடையாது. பயன்படாமல் கிடக்கிற எந்தப் பொருளானாலும் அதன்மேல் சிவப்புச் சீட்டு ஒட்டுவார்கள். யாரும் வந்து இது என்னுடையது என்று சொல்லாவிட்டால் அது ஸ்க்ராப் லாரியில் ஏறிவிடும். எங்கள் ஆட்கள் இதில் பயங்கரக் கெட்டிக்காரர்கள். உட்கார்ந்து யோசிக்கிற மனிதனைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள்.

ஸ்டோர் சூப்பர்வைசர் சிரித்த முகமாக வந்தார். "ஆடிட்டுல நம்ம ஜோன்தான் சார் ஃபர்ஸ்ட். இங்க ஒரு பழைய குப்பை வண்டி நின்னுகினு இருந்துச்சி. நேத்து சாயங்காலம் க்ளியர் பண்ணிட்டோம்."

காசு கொடுத்துத் தூத்துக்குடியிலிருந்து லாரி வைத்துக் கொண்டுவந்த பாரம்பரியத்தை எடை போட்டுக் காயலான் கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவரைத் திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. சீட்டு ஒட்டியது முறைப்படி சரி, கோடு போட்டது சரி, ஆடிட்டில் மார்க் வாங்கியதும் சரி.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள். "உங்கப்பா தோசை சாப்ட்டாரு. என்னாண்ட பேசல. டிவியாண்ட பேசிகினு இருக்காரு." நான் நடந்ததைச் சொன்னேன். அவரை எப்படியாவது வீட்டிலேயே பிடித்து வை, நான் காயலான் கடைக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றேன்.

"ராயக்கோட்டை ரோட்டுல இருக்கே, அந்தக் கடையா? நான் அவரைக் கூட்டிகினு அங்கயே வரேன்."

"அவர் எதுக்கு?"

"அவரு வண்டிதானே? நீங்க எதுக்கு?"

நான் போய்ச் சேர்ந்தபோது காஸ் கட்டர்காரர் தொட்டியைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கிவிட்டிருந்தார். சக்கரங்களும் கொக்கியும் சட்டத்தோடு கீழே கிடந்தன. அடுத்தது அதுதான். நான் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். கடைக்காரர் நாற்காலியை விட்டு எழாமலேயே தெலுங்கில் ஏதோ சொன்னார். இவர் என்னோடு பலதடவை நல்ல தமிழில் பேசியவர். ஓசூரில் இது ஒரு வழக்கம். வியாபாரம் படியும் என்றால் உங்கள் மொழியில் பேசுவார்கள், படியாது என்றால் சட்டென்று வேறு மொழிக்குப் போய்விடுவார்கள். மூன்று மொழி தெரிந்தவருக்கு ஒளிந்துகொள்ள இரண்டு மொழி எப்போதும் கையில் இருக்கிறது.

அப்போது ஸ்கூட்டர் வந்தது. அவள் ஓட்ட, பின்னால் அப்பா, கழுத்தில் துண்டோடு, இரண்டு கையாலும் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள்மேல் கை பட்டுவிடாமல் இருப்பதற்காக அப்படிச் சாய்ந்து உட்கார்ந்து வந்ததில் கீழே விழாமல் வந்ததே பெரிது. வழியில் அவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வண்டியிடம் போனார். வெட்டிய தகட்டில் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. என் மேலும், ஜப்பான்காரன் மேலும் சேர்த்துக் கோபம் வந்தது.

பிறகு கடைக்காரரிடம் திரும்பினார். திரும்பியவர் திறந்தார் பாருங்கள், எங்கள் ஊர் வாய். கடைக்காரர், அவருடைய முன்னோர், அவர் தராசு, கட்டர்காரர், சிலிண்டர், எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விழுந்தது. சின்ன வயதில் துறைமுகத்து வாசலில் கேட்ட சொற்கள் சிலவற்றை ரொம்ப நாளைக்கப்புறம் அன்றுதான் கேட்டேன். கடைக்காரர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "தெலீது," தெரியாது என்று கையை விரித்தார்.

என் மனைவி முன்னால் வந்து அப்பா சொன்னதைத் தெலுங்கில் சொன்னாள். அமைதியாக, மொத்தமே நாலைந்து சொல்லில் முடித்துவிட்டாள்.

அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவளைப் பார்த்தார். "நான் எம்புட்டுச் சொன்னேன், நீ இம்புட்டுத்தான் சொல்லுத?"

ராங் நம்பரைத் தவிர, கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

"அசிங்கமா இருந்தத வுட்டுட்டேன் மாமா."

"அதத்தாம்மா மொதல்ல சொல்லணும்."

அவள் ஒருகணம் யோசித்தாள். துப்பட்டாவை இறுக்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள். எனக்குத் தெலுங்கு பாதிதான் புரியும், புரிந்த பாதியிலேயே காது சூடாகிவிட்டது. அப்பா சொல்லாத சிலதையும் அவள் தன் பக்கத்திலிருந்து சேர்த்தாள் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். கட்டர்காரர் தீயை அணைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். கடைக்காரர் கடைசியில் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"போதும் தாயி," என்றார், நல்ல தமிழில். "கம்பெனில இருந்து வேற இரும்பு அனுப்பச் சொல்லு. இத எடுத்துகினு போங்க."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நல்லாப் பேசுத," என்றார் அவளிடம். "யார்ட்ட படிச்ச?"

"எங்கூட்ல மாடு இருக்குது மாமா. சந்தைக்குப் போயி வரணும்ல."

தொட்டி இல்லாத சக்கரச் சட்டம் இப்போது எங்கள் கம்பெனி வாசலில் பளிங்கு மேடைமேல் நிற்கிறது. பிளான்ட் ஹெட்டுக்கு முதலில் வருத்தம்தான். வெளிநாட்டுக்காரர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டபிறகு, இப்படிச் செய்யலாம் என்று ஆரம்பத்திலேயே தனக்குத் தோன்றியதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தெரியாமல் யாராவது மறுபடி சீட்டு ஒட்டிவிடக் கூடாதென்று பக்கத்தில் ஒரு போர்டும் வைத்திருக்கிறோம்.

அன்று சாயங்காலம் அப்பா பால்கனியில் நின்று தன் பழைய துறைமுகத்துக் கூட்டாளியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். மெதுவாகப் பேசும் பழக்கம் அவருக்குக் கிடையாது. உள்ளே இருந்த எங்களுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

"தொட்டி போயிட்டுடே. சக்கரம் கெடக்கு... ஆமா, அதே வண்டிதான்... இல்ல இல்ல, லாட்ஜ்லயா? நான் மருமவ வீட்லல்லா இருக்கேன்... எப்ப வாரேன்னு என்ன சொல்ல? அவ ஒண்ணும் போவச் சொல்லலயே."

என் மனைவி அடுப்படியில் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். மருமகள் வீடாம். கரண்ட் பில் என்னவோ என் பெயரில்தான் வருகிறது.