கம்பளை பஸ்ஸில் என் பை

மதுரையில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்று, மகளோடு கண்டிக்கு வந்த புதிதில் எனக்கு இங்குள்ள குளிர் பிடித்தது; நெரிசலான பஸ் பிடிக்கவில்லை. ஒருநாள் பக்கத்து ஊரான கம்பளைக்குப் போகும் பஸ்ஸில் நின்றிருந்தபோது, உட்கார்ந்திருந்த ஒரு பெண் பேசாமல் என் பையை இழுத்தார். உள்ளே பாஸ்போர்ட் இருந்தது. “திருடி!” என்று கத்திவிட்டேன்.

“நிக்கிறவங்க பைய மடியில வச்சுக்கிறது இங்க வழக்கம் ஐயா,” என்றார். நான் இறங்கும்வரை பத்திரமாக வைத்திருந்து கொடுத்தார். வெட்கத்தில் மன்னிப்புக் கேட்காமலே இறங்கினேன். அந்தச் சொல் பல மாதம் உறுத்தியது.

போன வாரம் அதே பஸ்ஸில் நான் உட்கார்ந்திருக்க, அந்தப் பெண் நின்றார்.

“அன்னைக்குச் சொன்னதுக்கு மன்னிச்சிருங்கம்மா. பையைக் கொடுங்க.”

“தூக்கிட்டு ஓடிர மாட்டீங்களே?”

பஸ்ஸே சிரித்தது. என் மடிக்கு வந்த அவர் பையிலிருந்த ஈரக்கீரை என் வேட்டியை நனைத்தது. இந்த ஊருக்கு வந்தபின் நான் அவ்வளவு தலைநிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.