மலைச்சரிவில் இரண்டு கள்ளிமுளையான்

கார்மேகம் கமுதிப் பக்கத்துக்காரர். 1976-இல் பம்பாய் வழியாக வளைகுடாவுக்கு வந்து, ஷார்ஜாவுக்குக் கிழக்கே மசாஃபிக்கு அப்பால் மலையை உடைத்து ரோடு போடும் ஒரு கம்பெனியில் பாறை துளைக்கும் வேலையில் சேர்ந்தார். அதிகம் பேசமாட்டார். கேம்ப்பில் அவருக்குப் பக்கத்துக் கட்டில் அம்மையப்பனுடையது. ஒரே தாலுகா என்பதால் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, லீவு நாள். "ரொட்டியும் பருப்பும் தின்னு நாக்கு செத்துப்போச்சுண்ணே, எதாச்சும் கீரை கெடக்கான்னு பாத்துட்டு வாறேன்" என்று சொல்லி, அம்மையப்பன் ஒரு துணிப்பையோடு மலைப்பக்கம் நடந்தார். திரும்பவில்லை. போலீஸ் இரண்டு நாள் தேடியது. வேறு வேலைக்கு ஓடியிருப்பான் என்று எழுதிக்கொண்டு போய்விட்டது.

ஆறாம் நாள் சைட்டில் நாற்றம் அடித்தது. செத்த உடம்பின் நாற்றம். காற்று மலையிலிருந்து இறங்கும்போது வந்தது, காற்று நின்றதும் போனது. ஃபோர்மேன் கௌஸ் முகம்மது கம்ப்ரஸரை நிறுத்தச் சொன்னார். அந்த அமைதியில் மேலேயிருந்து ஈக்களின் இரைச்சல் கேட்டது.

"யாராச்சும் ஏறிப் பாருங்கப்பா" என்றார் கௌஸ். அவர் கீழக்கரைக்காரர். யாரும் அசையவில்லை. கார்மேகம் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு ஏறினார்.

மேலே பாறை இடுக்கில் உடல் இல்லை. ஒரு செடி இருந்தது. இலையே கிடையாது. கட்டைவிரல் தடிமனில், நாலு பட்டை கொண்ட தண்டுகள், ஒவ்வொரு நுனியிலும் பந்து போலத் திரண்ட பூக்கள். காய்ந்த ரத்தத்தின் நிறம். பிணமென்று நம்பி ஈக்கள் அவற்றின்மேல் முட்டையிட்டிருந்தன. பொரிந்த புழுக்கள் தின்ன ஒன்றுமில்லாமல் இதழ்களில் நெளிந்தன.

ஒரு கொத்தை ஒடித்துக் கீழே கொண்டுவந்தார்.

"இந்தப் பூவுதான் பாய் நாறுது. நம்மூரு கள்ளிமுளையான் சாதி. ஆனா நாம திங்கிறது இது இல்ல."

"எப்புடிச் சொல்றே?"

"திங்கிறது சுண்டுவிரல் தண்டிக்குத்தான் இருக்கும். பூவு தண்டு நெடுக ஒண்ணொண்ணாப் பூக்கும். வாடை இருக்காது. இது தடி. பூவு மொத்தமும் நுனியில கூடிக் கெடக்கு."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. சிலர் சிரித்தார்கள். கம்ப்ரஸர் மறுபடி ஓடியது.

இரண்டு நாள் கழித்து, துளை போடவேண்டிய இடங்களுக்குச் சுண்ணாம்புக் குறி வைக்க அவரை இன்னும் மேலே அனுப்பினார்கள். அங்கேயும் அதே நாற்றம். கறுத்த பூவைத் தேடினார். காணவில்லை. பாறை விளிம்பில் மெல்லிய தண்டுகள் நின்றன. பூக்கள் ஒன்றொன்றாக, தண்டு நெடுக. மண்டியிட்டு முகர்ந்தார். ஒரு வாடையும் இல்லை. ஊரில் தின்ற அதே சாதி. பாதித் தண்டுகளின் நுனி நகத்தால் கிள்ளப்பட்டு, கிள்ளிய இடம் காய்ந்து தோல் கட்டியிருந்தது.

கார்மேகம் எழுந்திருக்கவில்லை. இது நாறுகிற பூ இல்லை. நாற்றம் மட்டும் நின்றுகொண்டிருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் விளிம்புக்குத் தவழ்ந்து போய் எட்டிப்பார்த்தார்.

அம்மையப்பன் பள்ளத்தில் கிடந்தார். தோளில் பை. பறித்து எட்டு நாளாகியும் பைக்குள் இருந்த தண்டுகள் வாடவில்லை. பையின் வாய் வழியே நீட்டிக்கொண்டு, மொட்டு விரிந்து பூத்திருந்தன.

நாங்கள் தேடிக் கிடைக்காதது இவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று போலீஸ் அதிகாரி கேட்டார். கௌஸ் அரபியில் எவ்வளவோ சொல்லிப்பார்த்தார். கார்மேகத்தை இரண்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் அதிகாரியே அவரை மலைக்கு அழைத்துவந்தார். கார்மேகம் முதலில் கறுத்த பூவைக் காட்டினார். அதிகாரி குனிந்து, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். விளிம்புக்கு ஏறியதும் மெல்லிய செடியைக் காட்டினார். அதை அவர் நிதானமாக முகர்ந்தார். பிறகு சரிந்திருந்த கற்களைப் பார்த்தார்.

"கலாஸ்" என்றார், முடிந்தது என்று. அன்றே விட்டுவிட்டார்கள்.

கேம்ப்புக்குத் திரும்பியபோது மற்றக் கட்டில்கள் கொஞ்சம் தள்ளிப் போடப்பட்டிருந்தன. யாருக்கும் அவர்மேல் கோபம் இல்லை. ஆனால் சைட்டில் காற்று வீசும்போது அவர் தலையை நிமிர்த்தினால், பக்கத்திலிருப்பவர்கள் கடப்பாரையைக் கீழே வைத்துவிடுவார்கள்.

ஒருநாள், பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த பன்னீர்செல்வம் தணிந்த குரலில் கேட்டார். "அண்ணே, இப்ப வர்றது எது?"

"பூவுதான்" என்றார் கார்மேகம். ஏறிப் பார்க்கவில்லை. அது எதுவென்று அவருக்கும் தெரியாது.

ஜனவரியில் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு கம்பெனியின் ஷார்ஜா பட்டறைக்குப் போனார். அங்கே ஆறு வருஷம் இருந்தார். போனதும் செய்த முதல் வேலை, அம்மையப்பனின் மனைவி மீனாம்பாளுக்குக் கடிதம் எழுதியது. கீரை பறிக்கப்போய்க் கால் வழுக்கியது, விழுந்த கணமே உயிர் போய்விட்டது, துளியும் நோகவில்லை என்று எழுதினார். அவர் எட்டிப்பார்த்த அன்று, விழுந்த இடத்திலிருந்து உடல் கிடந்த இடம் வரை, கையை ஊன்றி நகர்ந்த தடம் மணலில் எட்டடிக்கு இருந்தது.