எங்கள் அண்ணன் சுடாத துப்பாக்கி

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை, கல்லூரியில் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், உறவினர்கள் தம்பியாகிய என்னிடம் ஒப்படைத்தார்கள்.

அண்ணன் எருமப்பட்டிக்கு அருகே எங்கள் தோட்டத்து வீட்டில் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு தந்தையாருடன் ஏர் பிடித்தார். நான் படித்தது அதனால்தான். கிணறு வற்றிய ஆண்டுகளிலும் வாசலுக்கு வந்தவரைப் பசியோடு அனுப்பியதில்லை. இரு மகன்களை ஆளாக்கினார். அதிகம் பேசமாட்டார்.

மரவள்ளிக் காட்டைப் பன்றிகளிடமிருந்து காக்க, தந்தையார் காலத்திலிருந்தே உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருந்தது. குழலின் வாய்வழியே வெடிமருந்து இடிக்கும் பழைய வகை. தந்தையாருக்குக் கண் மங்கியதும் உரிமம் அண்ணன் பெயருக்கு மாறியது. அவர் ஒருமுறைகூடச் சுட்டதில்லை. பன்றி வந்தால் தகரம் தட்டுவார். தேர்தல் வரும்போது காவல் நிலையத்தில் ஒப்படைக்கவும், முடிந்ததும் முதல் ஆளாய்ப் போய் வாங்கிவரவும் மட்டுமே அதைத் தோளில் எடுப்பார்.

“உங்க துப்பாக்கி ஓட்டுப் போடத்தானுங்க ஊட்ட உட்டு வெளிய வருது. பன்னிக்கெல்லாம் அது தெரிஞ்சு போச்சு,” என்பார் பக்கத்துத் தோட்டத்துக்காரர்.

“அது பழசுங்க மாப்ள. சுட்டா எனக்கே வெடிக்கும்,” என்று அண்ணன் முடித்துக்கொள்வார்.

மகன்களுக்கு மூத்தவளாய் அண்ணனுக்கு ஒரு மகள் இருந்ததை இளையவர்கள் அறியார்கள். பள்ளியில் சேர்ந்த ஆண்டே காய்ச்சலில் போய்விட்டாள். அவள் பொருள் எதுவும் வீட்டில் தங்கக்கூடாது என்றார் தந்தையார். ஒன்றையாவது வைத்துக்கொள்ள அண்ணி கெஞ்சினார். அண்ணன் அனைத்தையும் மூட்டை கட்டி, மோகனூரில் காவிரியில் விட்டுவந்தார். அதன்பின் அவள் பெயர் அவர்களுக்கிடையே எழவே இல்லை.

“பெத்தவருக்கு மனசே இல்லீங்க தம்பி,” என்று அண்ணி ஒருமுறை என்னிடம் சொன்னார். அந்த எண்ணத்தோடுதான் அவர் அண்ணனுக்குக் கடைசி வரை சோறு போட்டார்.

அண்ணன் மறைந்தபின் துப்பாக்கியை அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. குழல் வெறுமையா என்று பார்த்துவிட, சேலத்தில் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் விட்ட கம்பி பாதியில் நின்றது.

“உள்ள என்னமோ அடைச்சிருக்குதுங்க ஐயா. மருந்தா இருந்தா வம்பு. தள்ளி நில்லுங்க,” என்றார்.

பின்மூடியைக் கழற்றித் தள்ளினார். முதலில் தேன்மெழுகு உதிர்ந்தது. அடுத்து, சிவப்பு ரிப்பன் சுற்றிய இரண்டு பலப்பங்கள் வந்தன. ஒன்றின் நுனியில் சிறிய பற்களின் தடம் இருந்தது.

அப்படியே கொண்டுவந்து அண்ணியிடம் கொடுத்தேன். அவர் பல் பட்ட நுனியை விரலால் வெகுநேரம் தடவினார்.

“பலப்பந் திங்காதடீன்னு எத்தன பேச்சுப் பேசியிருப்பேன்,” என்றார். பிறகு, “ஆயுத பூசைக்கு அந்தத் துப்பாக்கிக்கு நாந்தானுங்க சந்தனம் வெப்பேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒருநா மடியில வெச்சிருந்திருப்பனுங்களே தம்பி.”

நோயுற்ற நாட்களில் அண்ணனைப் பேணிய மருத்துவருக்கும் செவிலியருக்கும், முகம் சுளிக்காத மருமகள்களுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த ஊராருக்கும் குடும்பத்தார் அனைவரின் வணக்கம். இம்மலரின் குடும்பப் பக்கம் அச்சுக்கு ஆயத்தமான பின், பிள்ளைகளின் பெயர்களுக்கு முன்னால் இன்னொரு பெயர் வரவேண்டும் என்றார் அண்ணி. முகம் கோணாமல் அப்பக்கத்தை மாற்றித் தந்த அச்சகத்தாருக்கும் நன்றி. அண்ணி வாய்விட்டுச் சொல்ல, நான் எழுதிக் கொடுத்த அந்தப் பெயர் பூங்கொடி.