பலாவைத் தட்டிப் பார்த்தவர்

போன வருடம் மழைக்கு முன்னால் தோட்டத்துத் துரையின் பங்களா மரங்களைப் பரிசோதிக்க வந்த அந்த மனிதர், மரச்சுத்தியலால் தட்டிவிட்டு அடிமரத்தில் காது வைத்துக் கேட்டார். பார்த்ததுமே எனக்கு யோசனை வந்தது. ரப்பர் பால் வெட்டப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும், என் பொறுப்பிலிருக்கும் பிள்ளைக் காம்பரா மேல் ஒரு பலா சாய்ந்து நிற்கிறதே!

ஒல்லியான ஆள். காது மடலில் மரப்பாசி ஒட்டியிருந்தது. கூப்பிட்டதும் வந்து தட்டினார், கேட்டார், மறுபடி தட்டினார்.

"உள்ள ஒண்ணுமே இல்லீங்க டீச்சர்."

"கொத்துக்கொத்தா காய்ச்சிருக்குங்களே?"

"காய்க்கும். அத நம்பாதீங்க. பலா வெட்ட பர்மிட் வேணும், அதக் கேட்டு இன்னைக்கே கடிதம் எழுதிக் குடுங்க."

நான் எழுதவில்லை. "காய் முடியட்டும் டீச்சர், புள்ளைங்க சாப்பிடட்டும்" என்றார் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா. சரியென்றுவிட்டேன்.

வைகாசிக் காற்றில் பலா காம்பரா மேல் விழுந்தது. குழந்தைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். உள்ளே கூட்டிக்கொண்டிருந்த ஆயாம்மா இறந்துபோனார்.

இந்த வருடம் அந்த மரம் பார்ப்பவர் மறுபடி வந்தார். உடைந்த கூரையையும் அடிக்கட்டையையும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கடிதம் எழுதினீர்களா என்று கேட்கவேயில்லை. ஏன் கேட்கவில்லை என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் இன்னும் மூன்று பலாக்கள் காயோடு நிற்கின்றன. நாளைக் காலையில் அவரை அங்கே கூட்டிப்போகிறேன். இந்தத் தடவை கடிதத்தை மரத்தடியிலேயே உட்கார்ந்து எழுதப்போகிறேன்.